இடது பிளேடு

ஜெபராஜ் அந்த ஸ்கேட்டுக்குள் கையை விட்டு எடுத்தபோது நான்கு விரல்களும் சிவந்திருந்தன. துருவா சாயமா என்று தெரியாமல் மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு பனித்தளத்தின் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரூபாவின் காலைப் பார்த்தார். இடது காலுறையின் அடிப்பக்கம் முழுக்க ரத்தம் ஊறிக் கருத்திருந்தது. அவளோ அந்தக் காலையே தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டு, பாட்டிலைத் திறந்து சாவகாசமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், கால்ல ரத்தம் வருது."

"யாருக்கு?"

"ஒங்களுக்குத்தான்."

ரூபா குனிந்து காலுறையை உரித்தாள். கட்டைவிரலுக்குக் கீழே, பாதத்தின் சதைப்பற்றான மேட்டில், மிளகு அளவுக்கு ஒரு துளை. துளையோடு நின்றிருக்கவில்லை, பக்கவாட்டில் ஒரு விரற்கடை நீளத்துக்குக் கிழிந்திருந்தது. அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். விரலுக்கு ஈரம் தெரிந்தது. காலுக்கு விரல் தெரியவில்லை.

ஜெபராஜ் ஸ்கேட்டின் உள்மெத்தையை இழுத்து வெளியே போட்டார். அடித்தோலில் ஒரு ஸ்குருவின் நுனி மூன்று மில்லிமீட்டர் உயரத்துக்கு முள்ளைப்போல நின்றது. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஒரு மணி நேரம் இதுக்கு மேல நின்னு ஆடியிருக்கீங்க. வலிக்கலியா மேடம்?"

"இல்லியே," என்றாள் ரூபா. சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவள் காதிலேயே விழுந்தது. உள்ளங்கையிலிருந்து பாட்டில் நழுவி உருண்டது.

ரூபாவுக்கு முப்பத்தொன்பது வயது. ஓசூர் சிப்காட்டில் கியர் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அளவுக்கூடத்தின் பொறுப்பாளர். எட்டு வருடங்களுக்கு முன் கம்பெனி அவளைச் செக் நாட்டுக் கிளைக்குப் பதினான்கு மாதம் அனுப்பியது. அங்கே குளிர்காலத்தில் தொழிற்சாலைப் பெண்களெல்லாம் சனிக்கிழமை தவறாமல் ஐஸ் ஹாக்கி ஆடினார்கள். அவர்களோடு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நிற்கக் கற்றவள், ஊர் திரும்பும்போது பக் என்கிற ரப்பர் வட்டை விரட்டிக்கொண்டு ஓடுகிறவளாகிவிட்டாள். பெங்களூரில் ஒரு மாலில் பனித்தளம் இருப்பதும், கடைகள் திறக்குமுன் ஞாயிறு காலைகளில் முப்பதைத் தாண்டிய பதினோரு பேர் அங்கே ஆடுவதும் தெரிந்ததிலிருந்து, வாரம் தவறாமல் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். ராயக்கோட்டை சந்தையில் தக்காளி மண்டி வைத்திருக்கும் அவள் கணவன் பிரேம்குமார் இதைத் தடுத்ததில்லை. "கால்ல கத்தியக் கட்டிக்கினு வழுக்கற ஆட்டம்" என்பதோடு அவன் கருத்து முடிந்துவிடும்.

ஜெபராஜ் திசையன்விளைக்காரர். இருபது வருடமாகப் பாகலூர் ரோட்டுப் பக்கம் கருவிகளுக்குச் சாணை பிடிக்கும் பட்டறை நடத்துகிறார். நான்கு வருடத்துக்கு முன் ரூபாதான் முதன்முதலில் ஒரு ஜோடி ஸ்கேட் பிளேடைக் கொண்டுவந்து அவர் மேசைமேல் வைத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, படித்து, கெடுத்து, திருத்தி, கடைசியில் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மொத்தத்துக்கும் அவரே பிளேடு பிடிப்பவரானார்.

சிக்கல் ஜூன் மாதம் தொடங்கியது. இடது ஸ்கேட்டின் மூக்கு பனியில் இடறியது. காலைத் தூக்கி முன்னால் வைக்கும்போதெல்லாம் நுனி கீறிக்கொண்டு வந்தது. இரண்டு முறை குப்புற விழுந்தாள். ஸ்கேட் வாங்கி ஆறு வருடமாயிற்று, தோல் தளர்ந்துவிட்டது என்று நினைத்தாள். புதிது வாங்குவதென்று முடிவானது.

விலையுயர்ந்த ஜோடி ஒன்றில் அவள் கண் விழுந்திருந்தது. ஜெபராஜ் வேண்டாமென்றார். "அது கல்லு மாரி இருக்கும் மேடம். தெனமும் ஆடுத இருவது வயசுப் பயலுவளுக்கு அது சரி. வாரத்துக்கு ஒரு நா ஆடுதவங்களுக்குக் கணுக்கால் கொஞ்சம் மடங்கிக் குடுக்கணும். பிறவு, செருப்புச் சைஸ வச்சு வாங்காதீங்க, ஒண்ணு கொறைச்சு வாங்குங்க. நேரா நிக்கும்போது வெரல் நுனி முன்னால லேசாத் தொடணும், முட்டிய மடக்குனா வெரல் பின்னால வரணும். வளருத புள்ளைக்கு எடுக்குத மாரி எடம் விட்டு எடுத்தா குதிகால் உள்ள ஆடும்."

அப்படியே நடுத்தரமான ஒரு ஜோடி வாங்கி, சூட்டடுப்பில் வைத்து இளக்கி, காலில் மாட்டி இறுக்கிக்கொண்டாள். கால் மணி நேரத்தில் ஸ்கேட் அவள் பாதத்தின் வடிவத்துக்கு வந்தது.

"வலதுல வெரல் தொடுதா?"

"தொடுது."

"இடதுல?"

"சரியா இருக்குது."

தொடுகிறதா என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதில் அதுவல்ல என்பதை இருவருமே கவனிக்கவில்லை.

புது ஸ்கேட்டிலும் இடறியது. பிளேடைச் சந்தேகித்தாள். ஸ்கேட் பிளேடின் அடிப்பக்கம் பார்வைக்கு நேராகத் தெரிந்தாலும் நேரானதல்ல. மிகப் பெரிய ஒரு வட்டத்தின் சிறு துண்டைப்போல வளைந்திருக்கும். வட்டம் சிறியதென்றால் பனியைத் தொடும் நீளம் குறையும், சட்டென்று திரும்பலாம், ஆனால் தடுமாறும். பெரியதென்றால் நிலையாக நிற்கும், திரும்புவது சிரமம். அவளுடையது பத்தடி வட்டம். ஜெபராஜ் இரண்டு பிளேடையும் பதினொன்றாக்கிக் கொடுத்தார். இடறியது. பதின்மூன்றாக்கினார். அப்போதும் இடறியது. வலதில் எந்தக் குறையுமில்லை, இடதில் மட்டும்தான். ஒரு நாள் இரண்டு பிளேடுகளையும் தன் அளவுக்கூடத்துக்கே கொண்டுபோனாள். வளைவை வரைந்து காட்டும் இயந்திரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்குகூட வித்தியாசமில்லை.

"அப்பப் பிளேடுல கொற இல்ல மேடம்," என்றார் ஜெபராஜ். அவருக்கு அதில் பெருமைதான்.

"அப்ப மாட்டின கோணம்தான் தப்பு," என்றாள் ரூபா. அளந்து பார்த்துப் பிடிபடாத குறை எதுவுமே அவள் அனுபவத்தில் இருந்ததில்லை.

பிளேடைத் தாங்கும் சட்டத்தின் முன்பக்கத்தை இரண்டு மில்லிமீட்டர் தூக்கச் சொன்னாள். மூக்கு கொஞ்சம் மேலே நின்றால் இடறாது என்பது அவள் கணக்கு. ஜெபராஜ் முன்பக்கத்து ரிவெட்டுகளைக் கழற்றி, இடையில் தகடு கொடுத்து, சோதனைக்குத்தானே என்று நீளமான ஸ்குரு போட்டு முடுக்கினார்.

"நின்னு பாருங்க. ஏதாம் குத்துதா?"

அவள் நின்றாள், முட்டியை மடக்கினாள், பட்டறைக்குள் பாய்விரிப்பின்மேல் நாலு எட்டு வைத்தாள். "ஒண்ணும் குத்தல," என்றாள்.

அது வெள்ளிக்கிழமை. ஞாயிறன்று ஸ்கேட் எப்படி ஓடுகிறது என்று பார்க்கத்தான் ஜெபராஜும் பெங்களூருக்கு வந்திருந்தார்.

இப்போது சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். கூட்டத்துக்குத் தலைவர்போல் இருந்த ஹரீஷ்குமார், கன்னடக்கார வங்கி அதிகாரி, ஸ்குருவைப் பார்த்துவிட்டு ஜெபராஜிடம் திரும்பினார். "ஏன்ரீ இது? இதுதானா நீங்க பண்ற வேலை? கத்தி மேல நிக்க வெச்சிருக்கீங்க ஒரு லேடிய." ஜெபராஜ் ரத்தம் பட்ட கையைத் துடைக்கவும் தோன்றாமல் நின்றார்.

அவர்தான் ரூபாவின் காரை ஓட்டி ஓசூருக்குக் கொண்டுவந்து, ஒரு தனியார் கிளினிக்கின் முன் நிறுத்தினார். வழிநெடுக ரூபா ஒரு பேனாவின் முனையால் தன் பாதத்தைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மருத்துவர் காயத்தைக் கழுவிக் கட்டினார். ஊசி போட்டார். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தார். நார்மல். அவர் நெற்றி சுருங்கியது.

"சர்க்கரையும் இல்ல. அப்புறம் ஏம்மா தெரியல?"

அவர் அவளுடைய பேன்ட்டை முழங்கால்வரை ஏற்றச் சொன்னார். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெளிறியிருந்தது.

"இது எத்தனை நாளா இருக்கு?"

"அது ஆடும்போது கால்ல கட்டற ஷின் கார்டு பட்டை உரசினதுங்க, டாக்டர். ஒரு வருஷம் இருக்கும்."

"மத்த கால்லயும் பட்டை கட்டறீங்கல்ல?"

அவள் வலது காலைப் பார்த்தாள். அங்கே எதுவுமில்லை. இந்தக் கேள்வி இத்தனை நாளும் தனக்கு ஏன் எழவில்லை என்று திகைத்தாள்.

மருத்துவர் பஞ்சை நூல்போல முறுக்கினார். "கண்ண மூடிக்கோங்க. நான் தொடும்போதெல்லாம் தொட்ட இடத்த விரலால காட்டணும்."

ரூபா கண்ணை மூடிக் காத்திருந்தாள். மின்விசிறி சுற்றியது. வெளியே ஒரு லாரி பின்னோக்கி நகரும் சத்தம் கேட்டது. அவர் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார் போலும் என்று நினைத்தாள்.

"ஆரம்பிங்க டாக்டர்," என்றாள்.

"பதினாலு இடம் தொட்டுட்டேம்மா," என்றார் அவர்.

கண்ணைத் திறந்தாள். பாதங்களை மேல்நோக்கித் தூக்கச் சொன்னார். வலது விறைப்பாக ஏறியது. இடது பாதி ஏறி, தயங்கி, தானாகவே கீழே விழுந்தது. நான்கு மாதமாக எந்தப் பிளேடைக் குறைசொல்லிக்கொண்டிருந்தாளோ, அந்தக் குறை அவள் கண்முன் அந்தரத்தில் தொங்கியது.

"செருப்பு காலவிட்டுக் கழண்டு போனது தெரியாம நடந்திருக்கீங்களா?"

நடந்திருக்கிறாள். ஆகஸ்டில் மகள் காவியாவின் பள்ளிக்கூடத்தில் ஒற்றைச் செருப்போடு வாசல்வரை வந்துவிட்டாள். பதினோரு வயதுக் காவியா விழுந்து விழுந்து சிரித்தாள்; ரூபாவும் சேர்ந்து சிரித்தாள்.

"கிருஷ்ணகிரி கவர்மென்ட் ஆஸ்பத்திரியில தோல் டிபார்ட்மென்ட்ல காட்டுங்க. இந்த வாரமே," என்றார் அவர். நோயின் பெயரைச் சொல்லவில்லை. வெளியே காத்திருந்த ஜெபராஜிடம் ரூபா, "நரம்புல ஏதோ பிரச்சினையாம்," என்று மட்டும் சொன்னாள். ஸ்குரு நரம்பைத் தொட்டுவிட்டது என்று அவர் எடுத்துக்கொண்டார். அவளுக்கு அதைத் திருத்தும் தெம்பில்லை.

செவ்வாயன்று பிரேம்குமார் மண்டியைப் பூட்டிவிட்டுக் கூட வந்தான். கிருஷ்ணகிரியில் ஒரு பெண் மருத்துவர் அவளுடைய முழங்காலின் வெளிப்பக்கத்து எலும்பைத் தடவி, அதன்பின் ஓடும் நரம்பை விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தார். ரூபாவின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். மூட்டை தைக்கும் சணல் கயிற்றைப்போலத் தடித்துக் கிடந்தது. முழங்கைப் பக்கத்திலும் இன்னொரு நரம்பு அப்படித்தான் இருந்தது. முதுகில், அவள் கண்ணுக்கு எட்டாத இடத்தில், மேலும் இரண்டு தேமல்கள். காது மடலிலிருந்து சிறு கீறலெடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு மருத்துவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"தொழுநோய்ம்மா. தமிழ்ல சொன்னா பயந்துக்கறாங்கன்னு நிறையப் பேரு இங்கிலீஷ்ல சொல்லுவாங்க. நான் சொல்லிடறது. குணமாகற வியாதி. ஒரு வருஷம் மாத்திரை."

ரூபாவின் மனத்தில் அப்போது ஓடியதைப் பின்னாளில் நினைத்தால் அவளுக்கே விநோதமாக இருக்கும். அளவுக்கூடத்தின் மூல அளவுகோலை மறுநாள் சரிபார்ப்புக்கு அனுப்ப வேண்டும், பெட்டியில் போட்டுக் கட்டச் சொல்ல மறந்துவிட்டோமே என்று நினைத்தாள். அந்த அறையில் யாரோ வேறொருத்திக்கு யாரோ எதையோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிரேம்குமாரின் குரல்தான் அவளைத் திரும்பக் கொண்டுவந்தது.

"பாப்பாவுக்கு?"

"எல்லாரையும் டெஸ்ட் பண்ணுவோம். வீட்டுக்கே வருவாங்க."

"எங்கேர்ந்துங்க வந்துச்சு? வெளிநாட்டுல இருந்தா. இல்ல, அந்த ஆட்டத்துல யாரோட பூட்டையாவது மாட்டிக்கினு..."

"பூட்ல வராது, தட்டுல வராது, தொட்டா வராது. மருந்து சாப்பிடாத ஒருத்தர் பக்கத்துல ரொம்ப நாள் இருந்து, அவங்க மூச்சுல வந்திருக்கும். அஞ்சு வருஷம் முன்னாடியோ பத்து வருஷம் முன்னாடியோ. பஸ்ஸோ, ஹாஸ்டலோ, வேலை செய்யற இடமோ. யாராலயும் சொல்ல முடியாது. மாத்திரை ஆரம்பிச்சிட்டா சீக்கிரமே மத்தவங்களுக்குப் பரவறது நின்னுடும்."

காலைப் பற்றியும் அவர் சொன்னார். மரத்துப்போனதில் எவ்வளவு திரும்பும் என்று தெரியாது. பலவீனம் வந்து ஆறு மாதம் ஆகவில்லை, அதனால் வீக்கத்தைக் குறைக்கும் மாத்திரையும் பயிற்சியும் பலன் தரலாம். "அந்த ஸ்குரு குத்தலைன்னா இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சு வந்திருப்பீங்க," என்றார். ரூபா அதைக் கேட்டுக்கொண்டாள். மனத்தில் பதியவில்லை.

அன்றே முதல் வேளை மாத்திரையைத் தொழுநோய்ப் பிரிவுப் பணியாளர் முனிலட்சுமியின் கண்முன்னே விழுங்கினாள். முனிலட்சுமி ஐம்பது வயதுக்காரர், படபடவென்று பேசுபவர். "இன்னிக்கு ஒண்ணுக்குச் செவப்பாப் போவும், பயந்துக்காதம்மா. தோலு போகப் போகக் கருக்கும், நிறுத்தினதும் பழையபடி ஆயிரும். தெனமும் சாயங்காலம் கண்ணாடி வெச்சிக்கினு பாதத்தப் பாரு. குத்துச்சுன்னா உனக்குத் தெரியாது, அதனால கண்ணாலதான் பாக்கணும்."

மாலை வீடு திரும்பியதும் குளியலறையில் அந்தச் சிவப்பைப் பார்த்தாள். சொல்லியிருந்தும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குளித்துவிட்டு வெளியே வந்தபோது வீடு நிசப்தமாக இருந்தது. காவியாவின் பள்ளிப்பையையும் இரண்டு கவுன்களையும் காணவில்லை. பிரேம்குமாருக்குப் போன் செய்தாள்.

"ராயக்கோட்டை போயிக்கினு இருக்கோம். ரெண்டு நாளு அக்கா வூட்ல இருக்கட்டும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த..."

"யார்கிட்டயும் சொல்லிடாத ரூபா. எங்க அக்காகிட்டகூட. உனக்குக் கால்ல அடின்னு சொல்லிக்கிறேன்."

அவன் குரல் நடுங்கியது அவளுக்குக் கேட்டது. ஆனாலும் வைத்துவிட்டாள். நோயின் பெயரைக் கேட்டபோது வராத அழுகை, கொடியில் காய்ந்த மகளின் காலுறைகளைப் பார்த்ததும் வந்தது.

மூன்றாம் நாள் முனிலட்சுமி வீட்டுக்கே வந்துவிட்டார். ஸ்கூட்டியை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, அக்கம்பக்கத்தார் பார்வைக்குச் சொந்தக்காரர்போல ஒரு பை பழத்தோடு வந்தார். பிள்ளை எங்கே என்று கேட்டார். பிரேம்குமார் தலையைச் சொறிந்தான்.

"ஏன் சார், இத்தினி வருஷம் மருந்தில்லாம இருந்தப்ப ஒண்ணா இருந்தீங்க. இப்ப மருந்து உள்ள போயிருச்சி, இப்பப் போயி புள்ளயப் பிரிக்கிறீங்களே. போயிக் கூட்டியாங்க."

அவன் போனான். காவியாவைச் சோதித்தபோது பஞ்சு பட்ட இடமெல்லாம் அவளுக்குக் கூசியது. கண்ணை மூடியபடி நெளிந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் ரூபாவுக்கு மூன்று நாளாக நின்றுபோயிருந்த மூச்சு வந்தது. அடுத்துச் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்த பிரேம்குமார், மண்டியில் ஏலம் கூறுகிறவனைப்போல உரத்த குரலில் "இங்க, இங்க, இங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தான். எல்லா இடமும் சரியாக இருந்தது. சட்டையை மாட்டிக்கொள்ளும்போது அவன் ரூபாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று மாலை காவியாவின் பையை அவனே கொண்டுவந்து பழைய இடத்தில் வைத்தான்.

ஐந்து வாரம் போனது. காயம் ஆறியது. அந்த வாரத்தில் ஹரீஷ்குமார் போன் செய்தார்.

"எப்படியிருக்கீங்க? நம்ம ஆளுங்க யாரும் இப்ப அந்த ஓசூர்க்காரர்கிட்ட பிளேடு குடுக்கறதில்ல. உங்க நரம்பையே கட் பண்ணிட்டாராமே. கேஸ் போடணும்னா சொல்லுங்க, எனக்குத் தெரிஞ்ச வக்கீல் இருக்கார்."

"இல்லீங்க, ஸ்குரு காரணமில்ல. எனக்கு முன்னாடியே நரம்புல வியாதி இருந்திருக்குது," என்றாள். "உங்க நல்ல மனசு," என்றார் ஹரீஷ்குமார். அவர் நம்பவில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் பாகலூர் ரோட்டுக்குப் போனாள். ஸ்கேட் பிளேடு பிடிக்கும் இயந்திரத்தின்மேல் சாக்கு போர்த்தியிருந்தது. ஜெபராஜ் இளைத்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தவர் அவள் நடையைத்தான் முதலில் பார்த்தார். இடது பாதம் தரையில் தட்டித் தட்டி வந்தது.

"இனி ஸ்கேட் வேல வேண்டாம் மேடம். ஒரு காலக் கெடுத்துட்டேன். நான் உள்ள கைய விட்டுப் பாத்திருக்கணும். ஒங்க வாய நம்புனேன், அது என் தப்பு."

"உங்க தப்பு இல்லீங்க."

"பெறவு யார் தப்பு? பெங்களூர்க்காரங்க சொல்லுதது சரிதான்."

யாரிடமும் சொல்லாதே என்று பிரேம்குமார் சொன்னது நினைவிருந்தது. பட்டறையில் வேறு யாருமில்லை. ரூபா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நோயின் பெயரைச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு வெளியே அவள் வாயிலிருந்து அது வந்தது அதுதான் முதல் தடவை.

ஜெபராஜின் கண்கள் மெல்லக் கீழிறங்கித் தம் வலது கையில் போய் நின்றன. அன்று ரத்தம் பட்ட கை. அவள் அதைப் பார்த்துவிட்டாள் என்பதை அவரும் பார்த்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மேசையின் விளிம்பைப் பிடித்தார்.

"அன்னிக்கி... ரத்தம்..."

"அப்படி வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. சந்தேகம் இருந்தா கேட்டுக்கோங்க, தப்பில்ல." முனிலட்சுமியின் எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேசைமேல் வைத்தாள். "ஸ்குரு குத்தினதாலதான் கண்டுபிடிச்சாங்க. உங்களால கெட்டுப்போனது எதுவும் இல்ல. அதச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் சீட்டை எடுக்கவுமில்லை, போய்வாருங்கள் என்று சொல்லவுமில்லை. காரில் வந்து உட்கார்ந்ததும், இனி இந்த ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று நினைத்தாள்.

பிரேம்குமாரிடம் சொன்னபோது தட்டிலிருந்து எழுந்துவிட்டான். "சொல்லாதன்னு தலப்பாடா அடிச்சிக்கினேன்ல?"

"அந்த மனுஷன் எம் பழியத் தூக்கிக்கினு கெடந்தாரு. நான் என்ன பண்றது?"

அவன் நின்றபடியே கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு உட்கார்ந்து மீதியைச் சாப்பிட்டான்.

ஊருக்கு எதுவும் தெரியவரவில்லை. இரண்டு மாதம் கழித்து ஜெபராஜே கூப்பிட்டார். முனிலட்சுமியைப் பார்த்துவிட்டு வந்ததாகவும், தமக்கு ஒன்றுமில்லை என்றும் சொன்னார். கொஞ்சம் நிறுத்தி, "அன்னிக்கி நான் ஒரு மாரி நடந்துக்கிட்டேன்," என்றார். ரூபா, "நானா இருந்தாலும் அப்படித்தான்," என்றாள். "பயிற்சி விட்டுராதீங்க," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அவள் விடவில்லை. அளவுக்கூடத்தில் மேசைக்கடியில் ரப்பர் பட்டையை மாட்டிப் பாதத்தைத் தூக்கித் தூக்கி இறக்கினாள். தசையை இயக்கும் மின்தூண்டல் சிகிச்சைக்கு வாரம் இரண்டு நாள் கிருஷ்ணகிரி போனாள். முகம் கருத்தது; ஆலையில் கேட்டவர்களிடம் வெயில் என்றாள். எட்டாம் மாதம் மருத்துவர் இரண்டு பாதங்களையும் தூக்கச் சொன்னபோது இடது, வலதுக்கு ஒரு விரல் கீழேவரை வந்து நின்றது, விழவில்லை. பாதத்தின் மரப்பு மட்டும் அப்படியே இருந்தது. ஆடலாமா என்று கேட்டாள். ஒவ்வொரு முறையும் முன்னாலும் பின்னாலும் காலையும் காலணியையும் பார்ப்பதானால் ஆடலாம் என்றார்.

ஜெபராஜ் சாக்கை எடுத்துவிட்டு வேலையில் இறங்கினார். இந்த முறை குத்துகிறதா, தொடுகிறதா என்று அவர் எதையுமே அவளைக் கேட்கவில்லை. ஸ்கேட்டுக்குள் கையை விட்டு, மூக்கு நுனிவரை ஒவ்வொரு அங்குலமாகத் தடவினார். பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை உள்ளே மெல்லிசாகப் பரப்பி, அவளை ஏறி நிற்கச் சொல்லி, எங்கெங்கே அழுத்தம் விழுகிறது என்று பார்த்தார். இடது ஸ்கேட்டை அரை அளவு அகலமாக்கினார். சட்டத்தைப் புதிய ரிவெட் போட்டு அடித்தார்.

"வலது பழையபடி பத்தடிக்கே வரட்டும். இடது பன்னெண்டு, கொஞ்சம் பின்னால சாஞ்சாப்புல. மூக்குத் தூக்கி நிக்கும்."

"ரெண்டும் வேற வேறயாவா?"

"காலு வேற வேறயாத்தான மேடம் இருக்கு."

நூறில் ஒரு பங்கு வித்தியாசத்துக்குச் சண்டை போடுகிற ரூபா அதற்கு மறுபேச்சுப் பேசவில்லை.

அவள் மறுபடி பனியில் இறங்கிய ஞாயிறன்று பிரேம்குமார் கேட்காமலேயே கூட வந்தான். தக்காளி வரத்து உச்சத்தில் இருந்த வாரம். காவியாவைக் கூட்டிக்கொண்டு, கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டு, தளத்தைச் சுற்றியிருந்த கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றான். இந்த ஆட்டத்தை அவன் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ரூபா முதல் சுற்றிலேயே விழுந்தாள். மூக்கு இடறியல்ல, பயந்துபோய்ப் பின்னால் சாய்ந்ததால் விழுந்தாள். எழுந்தாள். இரண்டாவது சுற்றில் இடது கால் தன் முறைக்கு மேலே வந்து, முன்னால் போய், சுத்தமாக இறங்கியது.

மூன்றாவது சுற்றில் திரும்பும்போது, ஹரீஷ்குமார் தடுப்புக்கு வெளியே பிரேம்குமாரின் பக்கத்தில் ஸ்டிக்கை ஊன்றிக்கொண்டு நிற்பதைக் கண்டாள். ஏதோ கேட்டார். பிரேம்குமார் தளத்தையே பார்த்தபடி ஒரே வாக்கியத்தில் பதில் சொன்னான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எதுவும் கேட்கவில்லை. ஹரீஷ்குமாரின் முகம் மாறியது மட்டும் தெரிந்தது. அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். கிருஷ்ணகிரியில் பிரேம்குமாருக்கும், பாகலூர் ரோட்டில் ஜெபராஜுக்கும் வந்த அதே முகம். தன் கணவன் என்ன சொல்லியிருக்கிறான் என்பது புரிந்ததும், ஓடிக்கொண்டிருந்த அவள் இரண்டு பிளேடுகளையும் பக்கவாட்டில் திருப்பிப் பனியைச் சிதறவிட்டு நின்றாள். யாரிடமும் சொல்லக் கூடாதென்றவன் அவன்.

பிரேம்குமார் அவளைப் பார்த்து, என்ன நின்றுவிட்டாய் என்பதுபோலக் கையை வீசினான்.

ஹரீஷ்குமார் குனிந்து, கட்டியிருந்த ஸ்கேட் கயிற்றையே அவிழ்த்து மறுபடி கட்டினார். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்து பனியில் இறங்கி, நேராக அவளிடம் வந்தார். ஒரு ஸ்டிக் தொலைவில் நின்றார்.

"லெஃப்ட்ல போங்க," என்றார். "பாஸ் தர்றேன்."

ரூபா இடது பக்கம் திரும்பி ஓடினாள்.